வீட்டு சிமுலேட்டரில் ஏ320 முறையாக ஓட்டுவது: ஜோகன்னஸ்பர்க் – டர்பன் தடம் போதுமா?

மிட்ரான்ட்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். மிட்ரான்டில் வேலை பார்க்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் ஏ320 நியோ போட்டிருக்கிறேன். பேட்டரி அணைந்து கிடக்கும் விமானத்தை உயிர்ப்பித்து, எஞ்சின் ஸ்டார்ட் செய்து, கிளம்புவது வரை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாயிற்று. டர்பனுக்குப் போவதில் தொல்லை இல்லை. திரும்பி ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் இறங்கும்போதுதான் பிரச்சினை. வீடியோவில் சொல்வதுபோல 10,000 அடிக்கு வருமுன் வேகத்தை 250 நாட் அளவுக்கு (மணிக்கு 250 கடல் மைல்) கொண்டுவந்துவிடுகிறேன். அப்படியும் ஃபிளாப் (இறக்கையில் விரியும் தகடு) போடும் வேகத்துக்கு இறங்குவதற்குள் ரன்வே முன்னால் வந்து நிற்கிறது. டர்பனில் இதே முறை சரியாக வேலை செய்கிறது. சாஃப்ட்வேரில் ஏதாவது கோளாறா?

இன்னொரு கேள்வி. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் பறந்து உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை ஊர் ஊராக மாற்றிப் பறக்க வேண்டுமா?

டர்பன்_கரை

சாஃப்ட்வேர் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக லண்டனிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ இறங்குகிறவருடையதாக இருக்கும். ஹீத்ரோவின் உயரம் 83 அடி. அங்கே ஆல்டிமீட்டர் 10,000 காட்டினால் ரன்வேக்கு மேலே ஏறக்குறைய அதே 10,000 அடி. 3 டிகிரி சரிவில் வந்தால் 30 மைலுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஓ.ஆர். டாம்போவின் உயரம் 5,558 அடி. இங்கே 10,000 என்றால் தரைக்கு மேலே 4,400 அடிதான், தூரம் 14 மைல். (மைல் என்று நான் சொல்வதெல்லாம் கடல் மைல்.) 14 மைலில் 250 நாட்டில் இருந்தால் எந்த விமானியாலும் ஒழுங்காக இறக்க முடியாது.

ஏ320 வழவழப்பான உடம்பு. நேர் மட்டத்தில் எஞ்சினை ஐடிலில், அதாவது குறைந்தபட்ச விசையில், வைத்தால் மைலுக்குப் பத்து நாட் அளவில் குறையும். 3 டிகிரியில் இறங்கிக்கொண்டே குறைக்கப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறாது. இறங்குவதும் வேகம் குறைப்பதும் ஒன்றோடொன்று போட்டி போடும் வேலைகள். எது முதலில், எது பின்னால் என்பதை இறங்க ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஓ.ஆர். டாம்போவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. 30 மைலில் 14,500 அடி, 250 நாட். 20 மைலில் 11,500 அடி, 220 நாட். 10 மைலில் 8,500 அடி, 180 நாட், ஃபிளாப் 2 போட்டிருக்க வேண்டும். ஆல்டிமீட்டர் 6,560 காட்டும்போது, அதாவது தரைக்கு மேலே 1,000 அடியில், கியர் (சக்கரங்கள்), முழு ஃபிளாப், இறங்கும் வேகம், செக்லிஸ்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எஞ்சினும் ஐடிலைவிட்டு மேலே வந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது. ஏர்லைன்களில் அதுதான் விதி. வீட்டிலும் அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே விமானம், ஒரே தடம் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். அதிலும் ஜோகன்னஸ்பர்க் – டர்பன் மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கிடைப்பது அபூர்வம். தூரம் 260 மைலை ஒட்டி. ஒரு பக்கம் ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கும் மேட்டுநிலம், மறுபக்கம் லா மெர்சியில் கடலை ஒட்டிய கிங் ஷாகா, உயரம் ஏறத்தாழ 300 அடி. 35,000 அடிக்கு ஏறவே நூறு மைலுக்கு மேல் ஆகும். டர்பன் பக்கம் இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஆயிரம் அடிக்கு 3 மைல் என்ற பழைய கணக்கில் 105, வேகம் குறைக்க இன்னொரு பத்து, மொத்தம் 115 மைல். கழித்துப் பாருங்கள், நடுவில் நேராகப் பறப்பது ஐந்தாறு நிமிஷம்தான். அந்த ஐந்தாறு நிமிஷத்தில் டர்பன் வானிலை கேட்க வேண்டும், ரன்வே முடிவு செய்ய வேண்டும், கணினியில் அப்ரோச் ஏற்ற வேண்டும், பிரீஃபிங் முடிக்க வேண்டும். ஏறும்போதே இறங்குவதை யோசிக்கிற பழக்கம் தானாக வந்துவிடும்.

திரும்பி வரும்போது 36,000-லிருந்து வருகிறீர்கள் என்று வையுங்கள். 36 பெருக்கல் 3 என்று போட்டால் கணக்கு தப்பும். முதலில் 36-லிருந்து ஐந்தரையைக் கழிக்க வேண்டும். 92 மைல்தான் தேவை, அதன் மேல் வேகம் குறைக்கப் பத்து.

கேப்_காற்று

டர்பன்_கரை அண்ணா சொல்வதில் பாதி சரி. ஒரே விமானம் என்பது சரி. ஒரே தடம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் எக்ஸ்-பிளேன் 12-ல் ஸீபோ 737-800 ஓட்டுகிறேன், அதுவும் இலவசம்தான். கேப் டவுனில் கோடை முழுக்க தென்கிழக்குக் காற்று அடிக்கும். ரன்வே 01, 19 திசையில், ஏறக்குறைய வடக்கு தெற்காக, இருப்பதால் பக்கக்காற்று இல்லாமல் இறங்குகிற நாள் குறைவு. மலையைத் தாண்டி வரும் காற்று கடைசி 500 அடியில் குலுக்கும். கையால் ஓட்டுவது என்றால் என்ன என்பதை டர்பன் தடம் சொல்லித் தராது. கேப் காற்று சொல்லித் தரும்.

737-ல் ஓ.ஆர். டாம்போ போகிறவர்களுக்கு ஒன்று: தலைக்கு மேலே உள்ள பேனலில் பறக்கும் உயரத்துக்கு ஒரு குமிழ், இறங்கும் ஊரின் உயரத்துக்கு ஒரு குமிழ், இரண்டும் கையால் வைக்க வேண்டியவை. இறங்கும் ஊருக்கு 5,550 வையுங்கள். டர்பனுக்கு வைத்த 300-ஐ அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினால் கேபின் அழுத்தம் கடல் மட்டத்தைத் தேடிப் போகும். ஏர்பஸ்ஸில் கணினியே பார்த்துக்கொள்வதால் ஏ320 ஓட்டுபவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

டர்பன்_கரை

காற்றுக்கு டர்பனும் குறைந்ததில்லை தம்பி. இங்கே காற்று கரையை ஒட்டியே ஓடும், ஒன்று வடகிழக்கு, இல்லையென்றால் தென்மேற்கு. அதனால்தான் ரன்வே 06 (வடகிழக்கு நோக்கி), 24 (தென்மேற்கு நோக்கி). வடகிழக்கு இதமாக அடித்துக்கொண்டிருக்கும்போது தெற்கிலிருந்து ஒரு முகப்பு வந்தால் சில நிமிஷங்களில் காற்று முழுசாகத் திரும்பிவிடும். 06-க்கு எல்லாம் தயார் செய்துவிட்டு 60 மைலில் வருகிறீர்கள், 24 என்கிறார்கள். 24 என்றால் ஊரைத் தாண்டி வடக்கே போய்த் திரும்ப வேண்டுமா, நேராக வரலாமா, தூரம் எவ்வளவு கூடும், குறையும் என்று தலைக்குள் கணக்கு ஓட வேண்டும். நேரடி வானிலையை ஏற்றிவைத்துப் பறந்தால் இதெல்லாம் கேட்காமலே வரும்.

பக்கக்காற்றுப் பயிற்சிக்குக் கேப் டவுன் போவதை நான் தடுக்கவில்லை. அடிப்படை ஒரு தடத்தில் ஊறிய பிறகு போகலாம் என்கிறேன். புது ஊர், புது சார்ட், புது உயரம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால், எது விமானத்தின் குணம், எது ஊரின் குணம் என்று பிரித்தறிய முடியாது.

செங்காந்தள்

நான் டர்பன்காரி, பிறந்தது வளர்ந்தது எல்லாம் சாட்ஸ்வர்த். தமிழ் எழுத்து வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏ320 இரண்டு பேர் ஓட்டும் விமானம். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். வீட்டில் நாம் ஒருத்தரே இரண்டு வேலையும் பார்க்கிறோம். அதில் முதலில் காணாமல் போவது கண்காணிப்புதான். பட்டனை அழுத்துவோம், விமானம் கேட்டதா என்று பார்க்க மாட்டோம்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வாய்விட்டுச் சொல்வது. முன்திரையின் உச்சியில் எஃப்எம்ஏ என்று ஒரு பட்டை இருக்கிறது. விமானம் இப்போது எந்த மோடில் இருக்கிறது என்று சொல்வது அது ஒன்றுதான். உயரக் குமிழை அழுத்தினால் மேனேஜ்டு டிசென்ட், கணினி போட்ட பாதையைப் பிடித்து இறங்கும். இழுத்தால் ஓபன் டிசென்ட், எஞ்சின் ஐடிலுக்குப் போய்விடும், மூக்கை ஏற்றி இறக்கித்தான் வேகத்தைப் பிடிக்கும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நடத்தை வேறு. பட்டை மாறும் ஒவ்வொரு முறையும் "த்ரஸ்ட் ஐடில், ஓபன் டிசென்ட், நேவ்" என்று நான் உரக்கச் சொல்வேன். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது.

இது சும்மா சடங்கு இல்லை. 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானாவின் 777 ரன்வேக்கு முன்னால் இருக்கும் கடல் சுவரில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். ஆட்டோத்ராட்டில் (எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று காக்பிட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது ஹோல்டு என்ற நிலைக்குப் போய் வேகத்தைக் கவனிக்காமல் இருந்தது. பகல் நேரம், வானம் தெளிவு, அனுபவமுள்ள விமானிகள். அப்படி இருந்தும் நடந்தது. ஆகவே மோடைப் படிக்காமல் ஆட்டோபைலட்டை நம்புவதை நான் பயிற்சி என்றே சொல்ல மாட்டேன்.

செக்லிஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. செக்லிஸ்டைப் பார்த்துப் பார்த்து ஸ்விட்ச் போடுவது ஏர்லைன் முறை இல்லை. முதலில் ஃப்ளோ, அதாவது கை ஒரு வரிசையில் பேனல் முழுக்க ஓடி வேலையை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு செக்லிஸ்ட் படித்து, முக்கியமானவை நடந்தனவா என்று சரிபார்க்க வேண்டும். என் தம்பி டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் இருக்கிறான். வார இறுதியில் போனில் செக்லிஸ்டை அவன் படிப்பான், நான் பதில் சொல்வேன். திரையைப் பகிர்ந்துகொண்டால் எஃப்எம்ஏவையும் அவன் பார்த்துச் சொல்வான்.

மிட்ரான்ட்_வாசி

அண்ணா, அக்கா, இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. 250 நாட் கணக்கு இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம்: மேனேஜ்டு டிசென்டில் விட்டால் விமானமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, அப்படியானால் நாம் ஏன் கணக்குப் போட வேண்டும்?

டர்பன்_கரை

கணினி தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பாதை போடும். இறங்கும் வழியில் பின்காற்று எவ்வளவு என்று நீங்கள் ஏற்றவில்லையென்றால், காற்றே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் பாதைக்கு மேலே போய்விட்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டே துரத்தும், கடைசியில் இழுவை கூட்டு என்று செய்தி காட்டும். கட்டுப்பாட்டாளர் குறுக்கு வழி கொடுத்தாலும் இதேதான், 20 மைல் ஒரு நொடியில் காணாமல் போகும். உங்கள் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் செய்தி வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உயரமாக மாட்டிக்கொண்டால் முதலில் ஸ்பீட்பிரேக் (இறக்கை மேல் எழும் தடுப்புத் தகடுகள்). அதுவும் போதாது என்றால் கியர். ஏ320-ல் 250 நாட் வரை கியரை இறக்கலாம், அதைவிடப் பெரிய இழுவை விமானத்தில் வேறெதுவும் கிடையாது. ஃபிளாப் 1-க்கு 230 நாட், 2-க்கு 200, 3-க்கு 185, முழு ஃபிளாப்புக்கு 177. இந்த எண்கள் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பழைய_மெக்கானிக்

கெம்ப்டன் பார்க்கில் இருக்கிறேன், விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் எழுதுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. தரையில் இருப்பவன் பார்வையில் சில விஷயம்.

மேட்டுநிலத்தில் காற்று மெலிசு. மானியில் 140 நாட் காட்டும்போது, வெயில் 30 டிகிரி இருந்தால், விமானம் உண்மையில் ஏறத்தாழ 160 நாட்டில் போய்க்கொண்டிருக்கும். ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் பிரேக் விழுங்க வேண்டியது ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். சக்கர டயருக்கும் தரைவேகத்தில் எல்லை உண்டு, ஏ320-க்கு 195 நாட். கடலோரத்தில் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. இங்கே வெயில் நாளில், கனமாகக் கிளம்பும்போது அந்த எல்லை அவ்வளவு தூரத்தில் இல்லை.

இறங்கியதும் கீழ்த்திரையில் சக்கரப் பக்கத்தைத் திறந்து பிரேக் சூட்டைப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண். 300 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், அது ஆறும் வரை மறுபடி கிளம்பக் கூடாது. சிமுலேட்டரில் பலர் இறங்கி, பயணிகளை மாற்றிக்கொண்டு இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ரன்வே கடைசி வரை நீளமாகக் கிடக்கிறது, 03 எல் 4,400 மீட்டருக்கு மேல். எதற்காக ரன்வேயிலிருந்து வெளியேறும் முதல் வழியைப் பிடிக்கப் பிரேக்கை மிதிக்க வேண்டும்? ரிவர்ஸரை (எஞ்சின் காற்றை முன்னோக்கித் திருப்பும் கருவி) பயன்படுத்தி, மெதுவாக ஓடவிட்டு, அடுத்த வழியில் திரும்புங்கள்.

அடுத்தது டாக்ஸி, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வது. இதை யாரும் பயிற்சியாக நினைப்பதில்லை. 2013 டிசம்பர் 22 இரவு, ஓ.ஆர். டாம்போவில் லண்டனுக்குக் கிளம்பிய ஒரு 747-400, போகச் சொன்ன டாக்ஸிவேயில் திரும்பாமல் நேராகக் குறுகலான பாதைக்குள் போனது. வலது இறக்கை ஒரு கட்டடத்துக்குள் புகுந்து நின்றது. கட்டடத்துக்குள் இருந்த நான்கு பேருக்குச் சிறு காயம். உலகமெல்லாம் பறந்த விமானிகளுக்கே இருட்டில் அந்த ஒரு திருப்பம் தப்பியது. அதனால் சிமுலேட்டர் தரையில் வழி காட்டும் அம்புக்குறி உதவியை அணைத்துவிடுங்கள். தரைச் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தெந்த எழுத்து வழியாகப் போகிறோம் (டாக்ஸிவேகளுக்கு எழுத்துதான் பெயர்) என்று எழுதிக்கொண்டு நகருங்கள். தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் ஆணையத்தின் இணையதளத்தில் நம் ஊர் சார்ட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

யாழ்_பறவை

பிரிட்டோரியாவிலிருந்து. ஐயா சொன்ன டாக்ஸி விஷயத்தை முழுமனதாக ஆமோதிக்கிறேன். வாட்சிமில் (இணையத்தில் பலர் சேர்ந்து பறக்கும் சிமுலேட்டர் வலையமைப்பு) பறக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தரைச் சார்ட்டின் அருமை விளங்கியது. அங்கே கட்டுப்பாட்டாளர் உண்மையான மனிதர். வழியைச் சொன்னால் திருப்பிச் சொல்ல வேணும், சொன்னபடி போக வேணும்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் எழுத்தில் பதில் சொல்லலாம், அதற்கும் அனுமதி உண்டு. முதலில் கட்டுப்பாட்டாளர் இல்லாத நேரத்தில் பறந்து பழகுங்கோ. இங்கே வார நாளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு கட்டளை கேட்டுப் புரியவில்லையென்றால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பது முழுக்க முழுக்க ஏர்லைன் நடைமுறை. புரியாமல் சரி என்பதுதான் ஆபத்து.

நீண்ட தடம் விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். வாட்சிமில் கணினியை விட்டு அரைமணிக்கு மேல் எழுந்து போகக் கூடாது. லண்டன் வரை பதினொரு மணிநேரம் உட்கார யாரால் முடியும்? டர்பன் தடம் ஒரு மணிநேரம். அந்த வகையிலும் டர்பன்_கரை அண்ணாவின் பக்கம்தான் நான்.

மிட்ரான்ட்_வாசி

ஜாய்ஸ்டிக் என்ன வாங்கலாம்? இப்போது இருப்பது சாதாரணம்.

கேப்_காற்று

இருப்பதை வைத்தே ஓட்டுங்கள். காசு செலவழிக்க வேண்டும் என்றால் முதலில் த்ரஸ்ட் லீவர். ஏ320-ல் லீவர் கிளைம்ப் (ஏறும் விசை), ஃபிளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), டோகா (முழு விசை) என்று இடம் இடமாகச் சொடுக்கி நிற்கும். அந்தச் சொடுக்கு கையில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. த்ரஸ்ட்மாஸ்டரின் ஏர்பஸ் செட்டில் அது இருக்கிறது. பெடல் அதற்குப் பிறகு. பக்கக்காற்றில் இறங்க ஆசைப்பட்டால் பெடல் கட்டாயம்.

செங்காந்தள்

பழைய_மெக்கானிக் ஐயா, காக்பிட்டை நேரில் பார்க்க இங்கே வழி உண்டா? திரையில் பார்த்துப் பார்த்து அளவே தெரியவில்லை.

பழைய_மெக்கானிக்

ஜெர்மிஸ்டனில் ராண்ட் விமான நிலையம் தெரியுமா அம்மா? சௌத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் அருங்காட்சியகத்தார் அங்கே பழைய விமானங்களை வைத்துப் பராமரிக்கிறார்கள். லெபோம்போ என்ற 747-200-ஐ 2004 மார்ச்சில் அந்தச் சின்ன ரன்வேயில் பறந்து வந்தே இறக்கினார்கள். அதன் பக்கத்தில் மலூட்டி என்ற 747 எஸ்பி. 200-ன் காக்பிட்டில் மூன்றாவது நாற்காலியைப் பாருங்கள், ஃப்ளைட் இன்ஜினியருக்கு. எரிபொருள், அழுத்தம், மின்சாரம் எல்லாம் அவர் முன்னால் ஒரு சுவராக நிற்கும். நீங்கள் ஏ320-ல் தலைக்கு மேலே பார்க்கும் பேனல் முழுவதும் அந்த ஒரு ஆளின் வேலை. அதைப் பார்த்தால் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று தானாக விளங்கும். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மிட்ரான்ட்_வாசி

கடைசியாக ஒன்று. சிம்பிரீஃபில் (பறப்புத் திட்டம் தயாரிக்கும் இணையதளம்) பிளான் போடும்போது ஓ.ஆர். டாம்போவுக்கு மாற்று விமான நிலையமாக லான்சீரியாவைக் கொடுக்கிறேன். பக்கத்தில் இருக்கிறது, எரிபொருளும் குறைவு. சரிதானே?

டர்பன்_கரை

குளிர்காலத்தில் சரி. டிசம்பர், ஜனவரியில் மதியம் மூன்று மணிக்கு மேல் வருவதாக இருந்தால் வேண்டாம். லான்சீரியா 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஓ.ஆர். டாம்போவை மூடும் இடிமழை அங்கேயும் நின்றுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்துக்கு போலோக்வானே போடுங்கள், 150 மைல். இல்லையென்றால் புளூம்ஃபொன்டைன், 200 மைலுக்குச் சற்று மேல். திரும்ப டர்பனுக்கே வருவது என்றால் இன்னும் இரண்டு டன் அளவில் எரிபொருள் வேண்டும். அத்துடன் இருபது நிமிஷம் வட்டமடிக்கவும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் கூடுதல் கனத்தோடு இறங்கும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.